பீம்ராவின் கைப்பக்குவம்

எண்ணூரில் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் எண்பதடி உயரத்துக்கு ஒரு கோபுரம். கரைப்பானைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்வது அதன் வேலை. அப்படி அடம்பிடிக்கிற சாமானை வடசென்னையிலேயே பார்க்க முடியாது. சுத்தம் தொண்ணூற்றெட்டு சதவீதம் வரும்வரை நீராவியை அள்ளி அள்ளிக் கொடுத்தாலும் ஆடி அசைந்துதான் ஏறும். தொண்ணூற்றொன்பதைத் தாண்டிவிட்டால் நீராவி துளி கூடினாலும் போச்சு. உள்ளே தட்டுகளில் திரவம் தேங்கி, சுத்தம் மளமளவென்று சரிந்துவிடும்.

வியாசர்பாடி பீம்ராவுக்கு அதன் குணம் அத்துப்படி. எட்டு வருடம் யார்டில் பீப்பாய் உருட்டியபின்தான் கன்ட்ரோல் ரூம் நாற்காலி அவனுக்குக் கிடைத்தது. அதில் அவன் உட்காருகிற தோரணையே தனி.

இரண்டாயிரத்து ஒன்றில் கோபுரத்தை ஓட்டக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பழக்க மகிழினி என்கிற இன்ஜினியரும் வந்தாள். மூன்று மாதம் ஆகியும் அது ஒரு நாள் ஒழுங்காக ஓட்டும், மறுநாள் சொதப்பும்.

"இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் சுத்தம் தொண்ணூத்தொன்பதரையில நிக்கலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள், கண் கலங்க.

தப்பு எங்கே என்று பீம்ராவுக்குத் தெரியும். அவள் சாப்பிடப் போகும்போதெல்லாம் ஷிப்டுக்காரர்கள் கம்ப்யூட்டரை நம்பாமல் சுவிட்சை மேனுவலில் போட்டுத் தாங்களே ஓட்டுவார்கள். அவள் வருவதற்குள் ஆட்டோவுக்கு மாற்றி மறுபடி கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுவார்கள். பாவம், அவள் இவர்கள் கைவேலையைக் கம்ப்யூட்டரின் வேலை என்று நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"மேடம், தப்பு உங்குளுது இல்ல. நீங்க அந்தாண்ட போனா நாங்க மேனுவல்ல ஓட்டிகினு இருந்தோம். வேலைய வுட்டுத் தூக்குனாலும் தூக்கிக்கோங்க."

மகிழினி பேனாவைத் தரையில் வீசி அடித்தாள். அடுத்த நொடியே சுத்தத்தின் ஏற்ற இறக்கம் பதிவான வரைபடத் தாளை இழுத்தாள். "அப்ப இங்கல்லாம் கோடு ஆடாம நிக்குதே, இது?"

"அது நம்ம கைதான் மேடம். கீழ கீறப்போ அள்ளி வுடணும், மேல ஏறிட்டா கிள்ளி வுடணும். உங்க பொட்டி எப்பவும் ஒரே அளவா வுடுது. அதான் பேஜாரு."

"அய்யோ! இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

எவ்வளவு அள்ளுவது, எவ்வளவு கிள்ளுவது, எந்த இடத்தில் மாறுவது என்று துருவித் துருவிக் கேட்டபடியே விசைப்பலகையைத் தட்டினாள். பகல் பதினொன்றுக்குக் கோபுரத்தை ஆட்டோவில் விட்டார்கள். பீம்ராவ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. வழக்கமாகச் சறுக்கும் இடம். நீராவி வால்வு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளியது, அச்சாக அவனைப் போலவே! தொண்ணூற்றொன்பதரைக்கு வந்து அப்படியே நின்றது.

"நிக்குது மேடம், நிக்குது!" அவன் போட்ட கூச்சலில் யார்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். சாயந்திரம் வரை அது இறங்கவேயில்லை. சந்தோஷத்தில் பீம்ராவுக்குச் சோறுகூட இறங்கவில்லை.

"நீங்க பண்ணின திருட்டுத்தனத்தையும் ரிப்போர்ட்ல எழுதுவேன். இந்தக் கணக்கு யாரோடதுன்னும் எழுதுவேன்" என்றாள் மகிழினி சிரித்தபடி.

அடுத்த ஷிப்டுக்கு வந்த ரஷீது, அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், பழக்க தோஷத்தில் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். பீம்ராவ் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"கைய எடு மாமு. உள்ள நான்தான் ஓட்டிகினு கீறேன்."