கேட்டுக் கொடுத்த பங்கும் கேட்காமல் வந்த பங்கும்

என் சித்திக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் எனக்குத் தம்பி முறை, முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்பதுவரை அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் உண்டு என்பது மட்டும் தெரியாது.

சித்தப்பா ஒரு பெயிண்ட் கம்பெனியில் இருந்தவர். போகும்போது அந்தக் கம்பெனிப் பங்குகளை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போனார். வருடா வருடம் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வரும். லாபத்திலிருந்து தருகிற டிவிடெண்டைக் காசாக வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை அந்தக் காசுக்குப் புதுப் பங்காக வாங்கிக்கொள்கிறீர்களா என்று அதில் இரண்டு கட்டம் இருக்கும்.

தம்பி பங்கில்தான் டிக் போடுவான். அதற்குக் காரணம் வைத்திருந்தான். தன் சேமிப்பில் ஒரு பேட்டரி கம்பெனிப் பங்கும் கொஞ்சம் வாங்கியிருந்தான். அவர்கள் ஒருமுறை ஐந்துக்கு ஒன்று என்று போனஸ் பங்கு அனுப்பினார்கள். அதற்கு வரி கேட்டு யாரும் வரவில்லை. அன்றைக்கே இவன் சட்டம் எழுதிவிட்டான்: காசாக வந்தால் வரி, பங்காக வந்தால் வரி இல்லை.

சட்டம் அவன் வீட்டு வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தங்கை வீட்டுக்கும் போய், அவள் படிவத்திலும் டிக் போட்டு, "கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிடு பாப்பா, மத்ததெல்லாம் அண்ணன் பாத்துக்கறேன்" என்பான். பாப்பாவுக்கு வயது ஐம்பது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை.

ஆறாவது வருடம் வரி அலுவலகத்திலிருந்து தம்பிக்குக் கடிதம் வந்தது. "சும்மா கூட வந்து உக்காருக்கா, போதும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அவன் மகள் வயதுதான் இருக்கும்.

"அஞ்சு பைசா கையில வாங்கலம்மா. எல்லாம் பங்காதான் வந்துச்சு" என்றான்.

"காசு வேணுமா பங்கு வேணுமான்னு கம்பெனி உங்களக் கேட்டாங்களா சார்?"

"கேட்டாங்க."

"அப்ப காசு உங்களுக்குன்னு தயாரா இருந்துச்சு. அத வேண்டாம்னு பங்கா எடுத்துக்கிட்டீங்க. அது வருமானம்தான் சார், அந்தந்த வருஷமே வரி உண்டு."

"பேட்டரி கம்பெனியும்தான் போனஸ்னு பங்கு அனுப்பினாங்க. அதுக்கு மட்டும் ஏன் வரி இல்ல?"

"அவங்க உங்களக் கேக்கவே இல்லையே. இருக்கறவங்க எல்லாருக்கும் ஒரே கணக்கா குடுத்தாங்க. நீங்க என்ன வேலை சார் பாக்கறீங்க?"

"லிஃப்ட்."

"எட்டாவது மாடிக்கு ரெண்டு பட்டன் வெச்சா, கட்டிடத்துக்கு ஒன்பது மாடி ஆயிடுமா?"

"எட்டுதான்" என்றான் தம்பி. நான் அவனை அறுபது வருடமாக அறிவேன். வாதாடாமல் அவன் ஒன்றை ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

"போனஸ் பங்குல உங்க சொத்து கூடல. எண்ணிக்கைதான் கூடுச்சு. என்னைக்காவது வித்து லாபம் வந்தா அப்ப வரி போடுவோம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னுது போகட்டும்க்கா. கொஞ்சம் பங்க வித்தாவது கட்டிடுவேன். பாப்பாவுக்கும் நான்தானே டிக் போட்டேன்? அபராதத்தோட சேத்தா அவளுக்கு ரெண்டு மாச சம்பளம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

"இருக்கற மூஞ்சிதான். வா" என்றேன்.

தங்கை அப்போதுதான் வேலை முடிந்து வந்து, காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தம்பி உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தான். "வித்து உன்னுதையும் நானே கட்டிடறேன் பாப்பா" என்று முடித்தான்.

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். ஆறு வருடத்து வரி ரசீதுகள், விரிப்பு மடிக்கிற மாதிரியே ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் கம்பெனிக்கு போன் போட்டு வேற ஃபாரம் வாங்குவேண்ணா. காசுலதான் டிக் போட்டேன்."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

"வருஷா வருஷம் உன் பங்கெல்லாம் குட்டி போடுதுன்னு சொல்லுவேனே, தலையாட்டுவியே!"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்லுவீங்க. கெடுக்க மனசு வரல."

அவனுக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு கோபம் வந்தது. தங்கை கடனாளி ஆகாத நிம்மதியில் அந்தக் கோபம் நிற்க இடம் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தக் காச என்னதான் பண்ணின?"

"வரிக்கு எடுத்து வெச்சது போக, பல்லு கட்டினேன்."

"எந்தப் பல்லு? காட்டு."

அவள் வாயைத் திறந்தாள். தம்பி சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, லிஃப்ட் குழிக்குள் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று டார்ச்சை அணைத்தான்.