சாச்சியின் பச்சைப் பெட்டி

"அரசியல் படித்த ஆள்" என்று யாராவது என்னை அறிமுகம் செய்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். படித்தேன், உண்மைதான். கொழும்பில் இருந்துகொண்டு லண்டன் பரீட்சைக்கு மூன்று வருஷம் மாரடித்தேன். கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மடவளையிலிருந்து அந்தப் படிப்புக்குப் போனவன் தன் மகன் ஒருவன்தான் என்று வாப்பா மரக்கறிக் கடையில்கூடச் சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்காய் பொறுக்குவார். அந்தப் பெருமையில் நான் கெட்டேன். இல்லை, அதுவும் பொய். எனக்கு ஒரு கேடும் வரவில்லை. கெட்டது என் சாச்சி.

சாச்சி உம்மாவின் தங்கை. மாப்பிள்ளை, என் சாச்சா, மௌத்தாகி அவள் கைம்பெண்ணான பிறகு மூன்று பெண்பிள்ளைகளோடு ஊர் முதலாளியின் வளவுக்குள் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். வீடு முதலாளியுடையது. வாடகை என்று ஒன்றும் இல்லை. முதலாளி வீட்டில் கல்யாணம், கந்தூரி என்றால் அடுப்படியில் சாச்சி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் அலவத்துகொடையில் என் மாமா வீடு. மாமிக்கும் சாச்சிக்கும் ஏழாம் பொருத்தம். "அந்த ஊட்டுல தண்ணி குடிச்சாலும் எனக்கு விக்கும்" என்று சாச்சி சொல்லுவாள்.

நான் கொழும்பில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வெள்ளைக்காரன் ஆட்சியில், எல்லோருக்கும் வோட்டு என்ற முதல் தேர்தல் வந்தது. இருபத்தொரு வயதானால் போதும், பெண்களும் போடலாம். எனக்கு இருபது. குர்ஆன் ஓதத் தெரிந்தாலும் தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாத சாச்சிக்கு வோட்டு உண்டு. தடித்தடி அரசியல் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற எனக்கு இல்லை! அந்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்ல?

போடத்தான் முடியாது, போடச் சொல்லிக் கொடுக்கலாமே என்று லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். அந்தத் தேர்தலில் வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் நிறநிறமாகப் பெட்டிகள் இருக்கும். கையில் தருகிற துண்டை விரும்பிய பெட்டியில் போட வேண்டும். எங்கள் பக்கம் இரண்டே பேர்தான் போட்டி. சிவப்பு, முதலாளியின் கூட்டாளி. பச்சை, கண்டியிலிருந்த ஒரு சிங்கள டாக்டர்.

உம்மாவின் பிஸ்கட் டின்கள் இரண்டுக்கு நிறக் கடதாசி ஒட்டி, மூலையில் வாப்பா உடுத்தும் சாரம் ஒன்றைத் திரையாகக் கட்டி, சொந்தக்காரப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு வகுப்பு நடத்தினேன். பழைய கொப்பித் தாள்தான் வோட்டுத் துண்டு. எல்லோருக்கும் சிரிப்பு. ஒருத்தி இரண்டு டின்னிலும் போட்டாள், "ஒருத்தரையும் கோவிச்சுக்கொள்ள ஏலாதே" என்று. நான் மட்டும் சிரிக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன்: "எதுல போட்டீங்க எண்டு மாப்பிளைக்கும் செல்லப்படாது. வாப்பாக்கும் செல்லப்படாது. திரைக்குப் பின்னால நீங்களும் அல்லாவும் மட்டும்தான்."

வோட்டு நாளில் முதலாளி திரை கட்டிய மாட்டு வண்டிகள் அனுப்பினார். வளவுப் பெண்களெல்லாம் அதில் ஏறிப் போனார்கள். முதலாளியின் வண்டியில் போகிறவள் முதலாளியின் பெட்டியில்தான் போடுவாள் என்பது ஊர்க் கணக்கு. போய் வந்த சாச்சி அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெருநாளைக்குக்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவள் தானாக ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"எந்தப் பெட்டி சாச்சி?"

"செல்லப்படாது எண்டு நீதானே மகன் சொன்ன?"

"எனக்குச் செல்லலாம். நான் இதைப் படிக்கிறவன்தானே!"

அடப்பாவி! இப்படியும் ஒருவன் சொல்லுவானா? சொன்னேன்.

சாச்சி அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பச்சையில போட்ட. ஒங்கட சாச்சாக்கு வருத்தம் முத்தின அண்டைக்கு, கொட்டுற மழையில நனஞ்சுகொண்டு வந்து பாயில குந்தி நாடி புடிச்ச மனிசன் அவர். நான் வேற யாருக்குப் போடுற? ஒருத்தருக்கும் செல்லாதே மகன்."

"செல்லுவேனா?" என்றேன்.

சிவப்புதான் வென்றது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். முதலாளியின் மருமகன் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "எங்கட வளவுல ஒரு வோட்டும் தப்பல்ல. மாமா விரல நீட்டினா அந்தப் பக்கம்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய திமிர் பொறுக்கவில்லை என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. என்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள், நான் படித்தவன் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். "இரகசிய வோட்டு எண்டா என்னண்டு தெரியுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்தேன். "ஒங்கட வண்டியில ஏறிப் போய், ஒங்கட ஆள உட்டுட்டு டாக்டருக்குப் போட்ட ஆளும் ஒங்கட வளவுல ஈக்கி. மழையில நனஞ்சு வந்து பாயில குந்தினவர மறப்பாங்களா?"

கடை சிரித்தது. மருமகன் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். வென்றுவிட்டேன் என்று இன்னொரு தேத்தண்ணி சொன்னேன்.

நான் பேரைச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. இதைத்தான் உம்மாவிடமும் சொன்னேன், வாப்பாவிடமும் சொன்னேன். அந்த வளவில் அந்த டாக்டர் மழையில் வந்த வீடு ஒன்றுதான் என்று மடவளையில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பரவாயில்லை, தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது.

முதலாளி சத்தம் போடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மனைவி சாச்சியைக் கூப்பிட்டு, சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணம், அந்த வீடு தேவைப்படுகிறது என்றாராம். நல்ல மரியாதையாகத்தான் சொன்னாராம். வாப்பா இரண்டு தரம் போய்ப் பேசியும் பலிக்கவில்லை.

அலவத்துகொடைக்குச் சாமான் ஏற்றுகிற அன்று வாப்பா என்னிடம், "போய் ஒரு கை குடு" என்றார். "எனக்குப் பரீட்சை ஈக்கி" என்று சொல்லிவிட்டுக் காலை ரயிலுக்குப் போய்விட்டேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பேராதனைச் சந்தியில் ரயில் நின்றபோது இறங்கித் திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். இறங்கி ஒரு வாழைச்சீப்பு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

அந்த வருஷக் கல்லூரிப் பரீட்சையில் இரகசிய வாக்கெடுப்பின் அவசியத்தை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. எழுதித் தள்ளினேன். ஏழையை எசமானின் கோபத்திலிருந்து காப்பது அந்தத் திரைதான் என்றெல்லாம் எழுதினேன். வெள்ளைக்காரப் பேராசிரியர் என் விடையைப் பற்றி வகுப்பில் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். எனக்கு எழுந்து வெளியே ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் உட்கார்ந்து கேட்டேன், முழுவதும் கேட்டேன்.

பட்டம் வாங்கிக் கண்டியில் வாத்தியாரானேன். அலவத்துகொடைக்குப் பெருநாளுக்குப் பெருநாள் போவேன். மாமா வீட்டு அடுப்படியை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் சாச்சி இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். எனக்கு எப்போதும் உட்கார நல்ல கதிரையைத் தூக்கிப் போடுவாள், தேத்தண்ணி தருவாள், பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுவாள். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன், பிறகு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

சில வருஷம் கழித்து மறுபடி தேர்தல் வந்தது. இந்த முறை எனக்கும் வோட்டு இருந்தது. போட்டுவிட்டு நேரே அலவத்துகொடைக்குப் போனேன். இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். சாச்சி அப்போதுதான் வாக்குச் சாவடியிலிருந்து வந்து முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வோட்டுப் போட்டீங்களா சாச்சி?" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஓ மகன். ஒங்கட மாமா காட்டின பெட்டியிலதான் போட்ட" என்றாள். கோபமில்லை, குத்தலில்லை, எப்போதும் பேசுகிற அதே குரல்தான்.

"இத நீ யாருக்கும் செல்லலாம், மகன்."