வாய்மாற்றிப் பாறை

பாசியும் அழுகிய இலையும் குங்கிலியப் பிசினும் ஊறி இறங்கிய அந்தத் தண்ணீர், வாயில் பட்டதும் துவர்க்கும். துப்பிய பின்னர் நாக்கின் அடியில் சற்றே இனித்து, பல்லின் வேர்வரை குளிரை இறக்கிவிட்டுப் போகும். சாரல் காலமாயினும் கோடையாயினும் பாறையின் இடுக்கில் விரல் பருமனுக்கு அது வடிந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதைக் குடிப்பதற்கு முன் வாய் கொப்பளிப்போம். கொப்பளித்த பிறகே பேசுவோம்.

குற்றாலத்து அருவிகளுக்கு மேலே, காட்டில் தேனும் கிழங்கும் குங்கிலியமும் எடுத்துப் பிழைத்த பழங்குடியில் பிறந்தவன் நான். எங்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. அதற்கு எழுத்து இல்லை. தமிழுக்கு அது உறவு என்று அறிந்தோர் சொல்லுவர். உறவாயினும் வேறு வீடு. அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட இக்கட்டுரையில் நான் எழுதப் போவதில்லை. அதன் காரணம் போகப் போக விளங்கும்.

நான் நடை பயிலும் முன்னரே நடந்தது இது. என் தகப்பனார் தென்காசிச் சந்தைக்குத் தேன் கொண்டுபோயிருந்தபோது, உடன் வந்த தம் மைத்துனரிடம் எங்கள் பேச்சில் ஏதோ சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே மலைக்காரா, கிளி கத்துத மாதிரில்லா கத்துத! இன்னொரு தரம் சொல்லுலே, எல்லாரும் கேக்கட்டும்" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விலை படிய வேண்டுமே என்று என் தகப்பனார் மறுபடியும் சொன்னார். அவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அன்றிரவு எங்கள் குடியின் தலைவராகிய மூப்பர் அனைவரையும் கூட்டி, "சிரிக்கிறவன் முன்னால நம்ம பேச்சை வைக்காதிய. பாறைக்கு மேல நம்ம வாய், பாறைக்குக் கீழ ஊர் வாய்" என்று கட்டளையிட்டார். அவர் அதை எங்கள் பேச்சில்தான் சொன்னார். நான் ஊர்ப்பேச்சில் மாற்றி எழுதுகிறேன்.

அன்று தொட்டு, மலையேற்றத்தின் பாதியில் நிற்கும் அந்தப் பாறை எங்களுக்கு 'வாய்மாத்தி' ஆயிற்று. அடிவாரப் பள்ளிக்கு நானும் என் தமக்கை பொன்னியும் இறங்கும்போது அங்கே கொப்பளித்துவிட்டு ஊர்ப்பேச்சுக்கு மாறுவோம். மாலையில் திரும்பி ஏறும்போது மறுபடி கொப்பளித்து எங்கள் பேச்சுக்கு மாறுவோம். நான் மறந்துவிட்டால் அக்காள் என் பிடரியைப் பிடித்துப் பாறையருகே நிறுத்தி, "கொப்பளிச்சியாலே? ஆங்காட்டு!" என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் பாறைக்குச் சற்றுக் கீழே கண்ணாடி விரியன் ஒன்று என் காலருகே நெளிந்தது. "பாம்புலே, பாம்பு! நவுந்து நில்லு!" என்று அவள் அலறினாள், ஊர்ப்பேச்சில்தான் அலறினாள். உயிர் போகும் பயத்திலும் எல்லை தவறாத அந்த நாவை எங்கள் குடியே மெச்சியது. பிறர் வாயில் படாமல், பிறர் செவியில் விழாமல், பெட்டிக்குள் வைத்த கோடித் துணிபோல் எங்கள் பேச்சு அழுக்கின்றி இருக்கிறது என்று பெருமை கொண்டோம். பெட்டியைத் திறக்கும் இடமே இல்லாமற்போகும் என்று மூப்பரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

நாங்கள் வளர்ந்து பிள்ளைகளும் பெற்ற பின், ஓர் ஐப்பசியில் மலை சரிந்தது. அரசாங்கம் இரங்கி, அடிவாரத்தில் எங்களுக்கு வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்தது. நல்ல வீடுகள், மழை ஒழுகாதவை. ஆனால் அவை பாறைக்குக் கீழே இருந்தன. மூப்பர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் இட்ட கட்டளையை மாற்றும் உரிமை தனக்கு உண்டு என்று சொல்ல எவரும் துணியவில்லை. ஆகவே பெரியவர்கள், மாலையானால் விறகு பொறுக்கப் போவதுபோல் பாறைவரை ஏறி, மேற்புறம் அமர்ந்து ஆசைதீரப் பேசிவிட்டு இறங்குவார்கள். புருஷன் பெண்சாதிச் சண்டைகூட அங்கேதான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, "இங்கன வச்சு வாய் வர மாட்டேங்குது. மேல வாரும், பேசிக்கிடுதேன்!" என்று புருஷனை முன்னால் விட்டுப் பின்னால் ஏறுவாள். வழியில் பார்க்கும் மாடு மேய்க்கிறவர்கள், "என்ன, இன்னைக்கும் கச்சேரியா?" என்று கேலி செய்வார்கள்.

பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போகவில்லை. அட்டை கடிக்கும், இருட்டிவிடும், பாடம் படிக்க வேண்டும் என்று கீழேயே விட்டுச் சென்றோம். "வயசு வந்தா தானா ஏறி வருவாவ" என்பது எங்கள் பேச்சாக இருந்தது. வயது வந்தது. அவர்கள் திருப்பூருக்கும் புனலூருக்கும் போனார்கள். பிறகு வனத்துறையார் காட்டுப் பாதையில் கதவு போட்டார்கள். மேலே ஏற அனுமதி வேண்டியதாயிற்று. முழங்கால் ஓய்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறுவதை நிறுத்தினார்கள். பேச்சுக்கு வேலை இல்லாமல் ஆயிற்று. நான் தென்காசியில் ஒரு வாசகசாலையைத் திறந்து பூட்டும் வேலையில் சேர்ந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து, இப்போது எழுதுகிற இந்தத் தமிழைக் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், மலைப்பேச்சை வாரம் ஒரு வகுப்பாகக் கற்பிப்பது என்று முடிவாயிற்று. இலத்தூரிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார்; மனத்தில் கள்ளமில்லாத பெண். அந்தப் பேச்சு தெரிந்தவர்களில் எஞ்சியிருந்த என் தமக்கையிடம் நேராக வந்து, "ஆச்சி, நீங்க பேசுனாப் போதும், நான் போன்ல பிடிச்சு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருவேன்" என்றார்.

"கீழ வச்சுப் பேச மாட்டேம்மா" என்றாள் அக்காள்.

"அப்ப மேல போவோம் ஆச்சி!"

சொன்னபடியே அனுமதி வாங்கிவிட்டார். சாரல் ஓய்ந்த ஒரு காலையில், அக்காளை அவளுடைய பேரன்மார் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்க, பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னே வர, நாங்கள் ஏறினோம். எத்தனையோ ஆண்டுக்குப் பின் அந்தப் பாறையைக் கண்டேன். இடுக்கில் கறுப்புக் குழாய் ஒன்றைச் செருகித் தண்ணீரைக் கீழே ஏதோ விடுதிக்கு இழுத்திருந்தார்கள். பேரன் குழாயைப் பிடுங்கிப் பிடிக்க, அக்காள் கையேந்திக் கொப்பளித்தாள். பிறகு பேசினாள்.

மரத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, தேன் இருந்த செங்குத்துச் சரிவைக் காட்டி அவள் பேசப் பேச, நான் நெருங்கிப் போய் நின்று கேட்டேன். அப்போது ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு, "ஆச்சி என்னட்டி, வெத்தலைய வாயில வச்சுக்கிட்டு பேசுத மாதிரி பேசுதா!" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். "ஏட்டி, சும்மா இரு!" என்று ஆசிரியை அதட்டினார். கெட்ட பிள்ளையல்ல, அது அக்காளின் கொள்ளுப்பேத்தி. என் தகப்பனார் சந்தையில் கேட்ட சிரிப்பை நான் கேட்டதில்லை. அதை எங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து, பாறைக்கு மேலேயே கேட்டேன்.

அக்காள் சினக்கவில்லை. அவர்களை விட்டு என் பக்கம் திரும்பி, எங்கள் பேச்சில் ஒன்று கேட்டாள். தண்ணீர் இன்னும் அதே குளிர்ச்சியாக இருக்கிறதா என்றுதான் கேட்டாள். எனக்கு முழுதும் விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாம் அக்கா, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது" என்று, வாசகசாலையில் கற்ற தமிழ் வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதுவே வந்தது.

அக்காள் பேரனிடம் கையை நீட்டித் தண்ணீர் வாங்கி, கொப்பளித்துத் துப்பினாள். "இறக்குங்கலே, போவோம்" என்றாள், ஊர்ப்பேச்சில். அதன் பிறகு அவள் மேலே ஏறவில்லை. கீழே அவள் எங்கள் பேச்சைப் பேசமாட்டாள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

வகுப்பு நடக்கிறது. ஆசிரியையின் தொலைபேசியில் அகப்பட்ட அந்தச் சில நிமிடங்களை வைத்தே நடக்கிறது. பிள்ளைகள் இப்போது சிரிப்பதில்லை. மதிப்பெண் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காள் கடைசியாகக் கேட்ட கேள்வியை அவர்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் ராகத்தில் சேர்ந்து சொல்லுகிறார்கள். சென்ற வாரம் ஆசிரியை என் வீட்டு வாசல்வரை வந்து, "ஐயா, கேள்வி படிஞ்சிட்டு. இதுக்குப் பதில் எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார்.

எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் எழுதமாட்டேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். மூப்பரின் கட்டளையே காரணம் என்று வாசகர்கள் எண்ணியிருக்கக்கூடும். அது பாதிக் காரணம். மற்றப் பாதி, பாறையருகே என் வாய்க்கு வராமற்போன அந்தப் பதில். பதில் தெரிந்தவள் நாலு வீடு தள்ளிப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று உரக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.