இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு மாங்காய்

பழைய காகிதமும் மைதா பசையும் கலந்த அந்த வாசனை... சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்து முனையில் இருந்த வாடகை நூலகத்துக்குள் கால் வைத்ததும் அதுதான் முதலில் வரும். அப்புறம்தான் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் படித்த கான்வென்டிலேயே இங்கிலீஷ் டீச்சர். மற்ற டீச்சர்கள் குடும்ப நாவல் எடுப்பார்கள். நான் எடுத்தது வெஸ்டர்ன். குதிரை, புழுதி, ஒரே தெரு உள்ள ஊர், அந்த ஊரையே விலைக்கு வாங்கிவிட்ட பண்ணைக்காரன், எங்கிருந்தோ தனியாக வந்து இறங்கும் ஒருத்தன்...

நூலகக்காரர் விடமாட்டார். “டீச்சர்மா, இது ஆம்பளைங்க படிக்கிறதுமா. நல்ல குடும்பக் கதை வந்துருக்குது, எடுத்துக்கினு போங்க.”

“அதுல யாராவது யாரையாவது சுடுறாங்களா?”

“ஐயோ, இல்லமா!”

“அப்ப வேணாம்.”

உண்மையில் எனக்குப் பிடித்தது துப்பாக்கி அல்ல. ஊரே கயிற்றோடு திரண்டு வரும்போது, ஜெயில் வாசலில் ஷெரிஃப் ஒற்றை ஆளாக நின்று, “விசாரணை நடக்கட்டும், அப்புறம் தூக்கில் போடுங்கள்” என்பாரே, அந்த இடம்.

அந்தப் புத்தகங்களுக்கு அட்டை கிழிந்து, எல்லாவற்றுக்கும் ஒரே காக்கி அட்டை ஒட்டியிருக்கும். கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். படித்ததா, படிக்காததா என்று எப்படித் தெரியும்? அதனால் வாடிக்கையாளர்களுக்குள் ஒரு வழக்கம். இருபத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவிடுவார்கள். ஒருத்தர் நட்சத்திரம், ஒருத்தர் இனிஷியல். நான் ஒரு சின்ன மாங்காய் போடுவேன், புடவையில் வருமே, அது. எனக்கு முன்னாலேயே பல புத்தகங்களைப் படித்து முடித்திருந்த யாரோ ஒருவர் கோபுரம் போட்டிருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மதிய இடைவேளையில் என் பையில் இருந்த மூன்று புத்தகங்களைத் தையல் டீச்சர் எடுத்துப் புரட்டினார். நேரே ஹெட்மிஸ்ட்ரஸ் மதரிடம் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள்.

“மூணு புக்லயும் அதே பக்கம் மதர். மாங்காயும் கோபுரமும் பக்கத்துல பக்கத்துல. பார்டர்ல ஜோடியா போடுற டிசைன் இது. இந்த ஊர்ல எந்தப் பொண்ணக் கேட்டாலும் அர்த்தம் சொல்லும். லெட்டருக்கு பதிலா இப்படிப் பேசிக்கினு இருக்குறாங்க.”

மதர் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “ரிசைன் பண்ணிடும்மா. வெளிய தெரியாம முடிச்சிடலாம்” என்றார்.

அந்தப் பெயரோடு வெளியே போனால் இந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடமும் என்னை எடுக்காது.

“விசாரிக்காம தீர்ப்பு சொல்றீங்க மதர். லைப்ரரிலருந்து கைக்குக் கிடைச்ச பத்து வெஸ்டர்ன் புக்க பியூன் எடுத்துக்கினு வரட்டும். இருபத்தேழாம் பக்கத்த எல்லார் முன்னாடியும் திறந்து பாருங்க. அப்புறமும் நான் போகணும்னா போறேன்.”

பியூன் சைக்கிளில் போய் ஒரு கட்டு கொண்டுவந்தார். மதரே பிரித்தார். ஒன்றில் மாங்காய் மட்டும். இரண்டில் கோபுரம் மட்டும், நான் தொடாத புத்தகங்கள். நட்சத்திரம், பிறைநிலா, யாரோ ஒருவரின் மீன். ஐந்தாவது புத்தகத்தில் ஊதா காப்பியிங் பென்சிலில் ஒரு குட்டிச் சிலுவை. ஆறாவதிலும்.

அந்த ஊதாப் பென்சிலை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாதா மாதம் எங்கள் வருகைப் பதிவேட்டில் கரஸ்பாண்டென்ட் ஃபாதர் கையெழுத்துப் போடுவது அதில்தான். அதே சிலுவையோடு.

ஆறாவது புத்தகத்தில், அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் என் மாங்காய்.

“ஃபாதருக்கும் எனக்கும் என்ன மதர்?” என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

மதர் புத்தகத்தை மூடினார். “க்ளாஸுக்குப் போ.”

“போறேன் மதர். எல்லார் முன்னாடியும்தான் என்னைச் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லணும்.”

மறுநாள் காலை ப்ரேயருக்கு முன்னால், அதே ஸ்டாஃப் ரூமில், “நான் அவசரப்பட்டுட்டேன்” என்றார் மதர். பெரிய மனுஷி. முப்பத்தைந்து வருடம் அங்கேயே வேலை பார்த்து ரிடையர் ஆனேன்.

கோபுரக்காரர்? தபால் ஆபீஸ் க்ளார்க். விஷயம் ஊரில் பரவி, நூலகத்தில் என்னைப் பார்த்ததும் வியர்த்துப் போய் நின்றார். “நான் வந்து மதர்கிட்ட சொல்லட்டுமாங்க?”

“தேவையில்லைங்க. முடிஞ்சுபோச்சு.”

பிறகு அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். ‘அப்ப தையல் டீச்சர் சொன்னது சரிதானே’ என்று இன்றும் கிண்டல் செய்கிறவர்களுக்கு: வரிசையைக் கவனியுங்கள். முதலில் தீர்ப்பு, அப்புறம்தான் அறிமுகம். என்னைக் காப்பாற்ற யாரும் குதிரையில் வரவில்லை. இவர் வந்தது சைக்கிளில், அதுவும் தாமதமாக. ஆனால் கதையில் வருகிறவன்போல கடைசிப் பக்கத்தில் கிளம்பிப் போய்விடவில்லை. நான்கு வருடத்துக்கு முன்புவரை கூடவே இருந்தார்...

இப்போது செவிலிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரு படம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், ஒரு பையனோடு நின்று பேசுகிறாள். ‘யார் வீட்டுப் பொண்ணு?’, ‘வீட்ல சொல்லுங்கப்பா’... வரிசையாக விழுந்தது. படம் எடுத்தவர் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தையல் டீச்சராவது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழுதினேன்: “படம் எடுத்தவர் முதலில் பெயரைச் சொல்லட்டும். பிறகு அந்தப் பெண்ணிடம் பேசலாம், அவள் விரும்பினால்.”

கொஞ்ச நேரத்தில் அட்மின் பையன் போன் செய்தான்.

“ஆன்ட்டி, அந்த மெசேஜ டெலீட் பண்ணிடுங்களேன். சும்மா பிரச்சனையாவுது.”

“படத்த எடுத்துட்டீங்களாப்பா?”

“இல்ல ஆன்ட்டி, அது வந்து...”

“அத மொதல்ல எடு. என்னோடது இருக்கும்.”

அன்று சாயங்காலமே படம் போய்விட்டது. நான் எழுதியது இருக்கிறது.