கப்பல் தாண்டிய செய்தி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். அட்டையில் அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருக்கிறார். போன ஆண்டு துபாயில் ஜெபல் அலி மயானத்துக்கு அவரைக் கொண்டுபோனபோதும் கூறைச் சேலை, தாலி, பூ எல்லாவற்றோடும்தான் கொண்டுபோனோம். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பலர் திடுக்கிட்டது எனக்குத் தெரியும். கணவனைக் கடல் கொண்டுபோய் இருபது வருடம் கடந்தவளுக்குப் பொட்டு என்ன பொட்டு என்று சிலர் நேரே கேட்டீர்கள், சிலர் என் முதுகுக்குப் பின்னால் கேட்டீர்கள். இரண்டும் என் காதுக்கு வந்துசேர்ந்தன. ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அம்மா வடமராட்சிக் கடற்கரையில், ஊரார் 'செவிட்டம்மா வளவு' என்று சொல்லும் காணியில் பிறந்தார். நான்கு பெண்களில் கடைசி. அந்த வளவுக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரியாவிட்டால் அம்மாவைத் தெரியாது. ஆகவே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஆயிரத்து எண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் கரையில் வீட்டுக்கு ஒருவராவது கப்பலில் இருந்தார். வேம்பும் இலுப்பையும் அறுத்துக் கரையிலேயே கட்டிய பாய்க்கப்பல்கள். புகையிலை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும், பர்மாப் பக்கம் போய் அரிசியோடு திரும்பும். கார்த்திகைப் புயலுக்கு முன் வந்து சேராத கப்பலுக்குக் கடவுள்தான் பொறுப்பு. ஒரே புயலில் ஒரே ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பெண்கள் பொட்டழித்த வருடங்களும் உண்டு. எந்தக் கப்பல் எங்கே போனது என்பதை இன்னொரு கப்பலில் வருகிறவர் வாயால் வந்து சொன்னால்தான் உண்டு. எரிக்க உடல் இருக்காது, திவசத்துக்கு நாள் தெரியாது. தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துவிட்டு, ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள்.

அம்மாவின் பூட்டனார் அப்படியொரு கப்பலை நடத்திய தண்டையல். அரிசி ஏற்றப் போனவர் அந்தக் கார்த்திகையில் திரும்பவில்லை. தை மாதம் வந்த இன்னொரு கப்பலின் ஆள் ஒருவர், கரையில் நின்ற அவர் மனைவி பூட்டியாரிடம் செய்தி சொன்னார்.

"அக்கா, அண்ணையின்ரை கப்பல் தாண்டிட்டுது."

எங்கள் பேச்சில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தண்ணீரில் தாழ்ந்து போனதையும் 'தாண்டிட்டுது' என்போம், ஓர் இடத்தைக் கடந்து போனதையும் 'தாண்டிட்டுது' என்போம். வந்தவர் சொன்னது கப்பல் மூழ்கிய செய்தி. பூட்டியார் எடுத்துக்கொண்டது மற்றதை.

"தாண்டிட்டுதோ? நல்லது. தாண்டினது வந்து சேருந்தானே" என்று சொல்லி, வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாராம்.

அவ்வளவுதான். பூட்டியார் பொட்டழிக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்ய விடவில்லை. கிழவியாகி இறக்கும்வரை கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருந்தார். ஊர் எத்தனை தரம்தான் விளங்கப்படுத்தும்? மனுசிக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டிச் 'செவிட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டது. அம்மா பள்ளிக்கூடம் போன காலத்திலும் 'செவிட்டுப் பரம்பரை' என்று பகிடி பண்ணுவார்களாம். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடப்பாராம்.

அம்மாவை மணந்த அப்பாவும் கப்பல்காரர்தான். சார்ஜாவிலிருந்து ஓடிய ஒரு சிறிய சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. லீவில் வந்தால் வீட்டில் ஓரிடத்தில் நிற்கமாட்டார். தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் பூட்டுவார், அயலட்டையின் பம்பிகளையும் கழற்றுவார். "எப்ப இவர் திரும்பப் போவார்?" என்று அம்மா சலித்துக்கொள்வார். போன பிறகு ஒரு கிழமைக்குச் சமையலில் உப்பு இருக்காது.

மூத்தவளான நான் ஆறாம் வகுப்பிலும் தம்பி இரண்டாம் வகுப்பிலும் படித்தபோது ஓமான் கடலில் புயலில் அந்தக் கப்பல் மூழ்கியது. சிலர் கிடைத்தார்கள். அப்பா கிடைக்கவில்லை. சார்ஜாவில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர்தான் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அவரை நாங்கள் 'றூம் மாமா' என்போம். அவரும் எங்கள் கரை ஆள். அழுதழுது எப்படியோ ஒரு வசனத்தைச் சொன்னார்.

"அக்கா, அண்ணையின்ரை கப்பல் தாண்டிட்டுது."

நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அம்மா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "தாண்டிட்டுதோ? நல்லது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். எங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். நானும் தம்பியும் கப்பல் எங்கேயோ கடந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சாப்பிட்டோம். ஒரு கிழமை கழித்துத்தான் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சொல்லி எனக்கு விஷயம் தெரிந்தது.

றூம் மாமா பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்: "கொம்மா நல்லது எண்டு சொன்ன உடனை எனக்குக் கை கால் ஓடேல்லை, பிள்ளை. இன்னொருக்கா விளங்கச் சொல்லுவமெண்டால் நா எழும்பேல்லை." அந்த மனிதர்தான் அம்மாவுக்குத் தோஹாவில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் ஆயா வேலையும் விசாவும் ஒழுங்கு செய்தார். எங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா விமானம் ஏறினார், பொட்டோடும் தாலியோடும்.

வளைகுடா அம்மாவுக்குப் பிடித்துப்போனது. ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வியை அங்கே யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. தோஹா நஜ்மாவில் அம்மாவின் பக்கத்து அறையில் காயல்பட்டினத்து முஸ்லிம் அக்கா ஒருவர் இருந்தார், ராத்தா என்று கூப்பிடுவோம். முதல் நாளே கேட்டிருக்கிறார், "உங்க மாப்புள எங்க இருக்காரு?" என்று. அம்மா, "கப்பலிலை" என்றார். "எங்க மாப்புளயும் அப்படித்தான், வருசத்துக்கு ஒரு தடவ மொகம் காட்டுவாரு" என்று சொல்லிவிட்டு ராத்தா மீன் கழுவப் போய்விட்டார். அங்கே எல்லாருடைய கணவன்மாரும் வேறெங்கோதானே இருக்கிறார்கள்.

நான் படித்து முடித்துத் தோஹாவுக்கே வேலைக்கு வந்தேன். விமான நிலையத்தில் அம்மா அரபும் தமிழும் கலந்து, "யல்லா பிள்ளை, நட" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தம்பிக்கு ஜெபல் அலியில் ஒரு பண்டசாலையில் வேலை கிடைத்தது. என் கலியாணம் ஊரில் நடந்தது. அம்மா ஆராத்தித் தட்டை எடுக்கப் போனபோது அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் மாமி, சபையில் வைத்தே, "நீர் எப்பிடி ஆராத்தி எடுக்கிறது?" என்று கேட்டார். "மச்சாள், ஏன் எடுக்கேல்லை எண்டு அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார் அம்மா. ஆராத்தி எடுத்தது அம்மாதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தம்பிக்குத்தான் சிரிக்க முடியவில்லை. ஆடி அமாவாசை, தகப்பனை இழந்த ஆண்பிள்ளைகள் விரதமிருந்து தகப்பனுக்குப் படைக்கிற நாள். அவனோடு படித்தவர்களில் தகப்பன் இல்லாதவர்கள் எல்லாரும் விரதம் இருந்தார்கள். அவனுக்கு அனுமதி இல்லை. அவன் படைத்தால் அப்பா இறந்தவர், அம்மா கைம்பெண். வளர்ந்தவன், உழைக்கிறவன், அம்மாவை மீறி எங்கேயாவது ஒரு கோயிலில் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஓர் ஆடி அமாவாசைக்கு லீவில் நஜ்மாவுக்கு வந்திருந்தான். அம்மா வேண்டுமென்றே மீன் பொரித்தார்.

"அம்மா, அப்பா இத்தனை வருசமாப் பசியோடை நிக்கிறார்" என்றான் தம்பி.

அம்மா இன்னொரு துண்டு மீனை அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தார். "சாப்பிடு. தகப்பன் இருக்கிற பிள்ளையள் அமாவாசைக்குப் பட்டினி கிடக்கிறேல்லை."

அவன் அழுதுகொண்டே அந்த மீனைச் சாப்பிட்டான். எனக்கு அன்றைக்கு அம்மாவில் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. நடக்காத ஒன்றை நம்பிக்கொண்டு தானும் காய்ந்து பிள்ளையையும் காயவிடுகிறாரே என்று நினைத்தேன்.

கடைசி இரண்டு வருடமும் அம்மா துபாயில் தம்பி வீட்டில் இருந்தார். மருமகளைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பார்கள், அம்மா தமிழில் பதில் சொல்வார், இரண்டு பக்கமும் திருப்தி. இருதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் தோஹாவிலிருந்து போனேன். ஒரு மத்தியானம் மூன்று பேரும் தனியே இருந்தோம். தம்பி அவர் காலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அம்மா, றூம் மாமா சொன்னது உங்களுக்கு உண்மையா விளங்கேல்லையே?"

அம்மா சிரித்தார். "எனக்கென்ன செவிடே? அவன்ரை அழுகையிலையே விளங்கிட்டுது. பூட்டிக்கும் விளங்கியிருக்கும். கடற்கரையிலை பிறந்தவளுக்கு எந்தத் தாண்டல் எண்டு தெரியாதே?"

"பிறகேன் அம்மா?" என்றேன் நான்.

"இரண்டு பிள்ளையள் இருந்தியள். நான் பொட்டை அழிச்சிருந்தால் என்னை மூலையிலை இருத்தியிருப்பினம். மூலையிலை இருந்துகொண்டு உங்களை எப்பிடி வளக்கிறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதோடை, எனக்கு அவரை விட மனம் வரேல்லை, பிள்ளை."

அம்மா தம்பியின் கையைப் பிடித்துச் சொன்னார்.

"நீ கொப்பாவுக்குச் சோறு குடுக்க ஆசைப்படுறாய் எண்டு எனக்குத் தெரியும். நான் இருக்கேக்கை குடுத்தால் எனக்குப் பொட்டில்லை. நான் போன பிறகு எனக்குக் குடுக்கேக்கை அவருக்கும் சேர்த்துக் குடு. அவருக்குச் சோறும் கிடைக்கும், எனக்குப் பொட்டும் இருக்கும்."

ஆஸ்பத்திரிக்குப் போன எட்டாம் நாள் காலையில் அம்மா போய்விட்டார். குங்குமத்தை நான்தான் வைத்தேன். பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அம்மா பார்த்திருந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லியிருப்பார். என் அம்மா ஏமாந்து வாழவில்லை. நடந்தது முழுக்கத் தெரிந்துதான் வாழ்ந்தார். கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இனி நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்களைத் தன் பிள்ளைகளாக வளர்த்த பெரியம்மாவுக்கு. நாங்கள் வளைகுடா போகும்வரை வருடக்கணக்காக அம்மாவின் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த ராத்தாவுக்கு. விமானச் சீட்டிலிருந்து மயான வாகனம்வரை ஓடித்திரிந்த தம்பியின் வேலைத்தல நண்பர்களுக்கு. இன்றைக்கும் அந்த ஒரு வசனத்தை நினைத்து வருந்தும் றூம் மாமாவுக்கு. மாமா, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், அம்மா சரியாகத்தான் கேட்டார். கலியாண வீட்டில் கேட்ட வாயால், அம்மாவின் சாம்பலைக் கரைத்த கீரிமலையில் எனக்கு ஆறுதல் சொன்ன மாமிக்கும் நன்றி.

கடைசி நன்றி கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்துவைத்த ஐயருக்கு. அன்றைக்கு அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன. அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பதுபோல, "தகப்பனார் இருக்கிறாரோ?" என்று கேட்டார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் வகுப்பிலிருந்து அவன் அந்தக் கேள்விக்குச் சொல்லிவந்த பதில் 'ஓம், இருக்கிறார்'. ஐயர் அவசரப்படுத்தவில்லை. தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"இல்லை, ஐயா" என்றான் தம்பி.

ஐயர் பாத்திரத்தில் இருந்து அம்மாவுக்கு எடுத்ததுபோக இன்னொரு பிடி சோற்றை எடுத்து, அதை உருட்டித் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.