தீட்டில்லாத ஒரே வீடு

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களில் பலர் அம்மாவின் கையால் சாப்பிட்டவர்கள். நாலு பேருக்கு மேல் இலை போட்டால் அவருக்குக் கை ஓடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் ஓர் ஊருக்கே கூழ் காய்ச்சியதை எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் தம்பியிடம் கேட்டு வாங்கினேன்.

அம்மா பிறந்தது படாளத்தில், நெல்லும் கேழ்வரகும் விளைந்த வீட்டில். அப்பாவுக்கு இறால் பண்ணையில் மோட்டார் பார்க்கும் வேலை கிடைத்ததும், கோவளத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் குடியேறினார்கள். அங்கே எல்லாரும் ஒரே வம்சத்துப் பங்காளிகள். நாங்கள் மட்டும் வெளியூர் வீடு. மீன் ஆயத் தெரியாதவர் என்று தெருவே அம்மாவைக் கிண்டல் செய்யும். சம்பளம் பத்தாமல் அவரும் அதே பண்ணையில் தொட்டி கழுவப் போனார். பட்ட கஷ்டத்தை எங்களிடம் சொன்னதில்லை. எல்லாவற்றையும் குப்பத்துக் கோயில் எல்லையம்மனிடம்தான் சொல்வார், அதுவும் சத்தமாக, சண்டை போடுவதுபோல.

நான் செங்கல்பட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆடிக் கடைசி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் வார்க்க வேண்டும். அதற்காக வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த வாரத் தொடக்கத்தில் ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். பங்காளி வீடு அத்தனைக்கும் தீட்டு. தீட்டு வீட்டு மாவு அம்மன் அண்டாவில் விழக்கூடாது. கடை மாவும் ஆகாது, ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து வந்த மாவாக இருக்க வேண்டும். ஞாயிறு தவறினால் ஆடியும் போய்விடும். அந்த ஊரில் கூழ் நின்றுபோனதாக யாருக்கும் நினைவில்லை.

ஊர்த் தலைவர் எங்கள் வாசற்படி ஏறாமல் தெருவிலேயே நின்றார்.

"யம்மா, தீட்டு இல்லாத வூடு உன் வூடு ஒண்ணுதான் கீது. இந்தத் தபா நீதான் கூழ் காச்சணும்."

"சரிண்ணா" என்றார் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாம்மா, புரிஞ்சிதான் தலையாட்டினியா? நம்ம வூட்ல ஒரு டின்னு மாவுதான கீது?" என்று அவர் போனதும் கேட்டேன்.

அம்மா அழுதுகொண்டிருந்தார். பயம்தான், வேறொன்றும் இல்லை. "எனக்கு வராதுடி. ஆனா கூப்ட்டவ எல்லையம்மா. என் கை சின்னதுன்னு தெரியாமயா கூப்ட்டுக்கீறா? பெத்தவ அவ, பட்டினி போட மாட்டா."

வெள்ளிக்கிழமை மாவு கரைத்துப் புளிக்க வைக்கும் நாள். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, கோயில் பாத்திரங்கள் அத்தனையையும் கழுவி வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றினார். எங்கள் டின் மாவு முதல் பாத்திரத்தோடு தீர்ந்தது. மற்றவற்றில் வெறும் தண்ணீர். எனக்கு மானம் போனது.

"ஒண்ணு போதுமே. மீதி எதுக்கு? ஊரே சிரிக்கும்மா."

"சும்மா கெட. தண்ணி ஊத்தறது என் வேல."

சாயங்காலம் கோவளத்திலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் ஓர் அக்கா இறங்கினார். எங்கள் குப்பத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவர். இடுப்பில் ஒரு பாத்திரம்.

"அண்ணி, கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான தீட்டு? எனக்குக் கழிஞ்சிடுச்சி. எங்க வூட்டு மாவு சேருமா?"

சேதி கேட்டு வந்த ஊர்த் தலைவரே திகைத்துவிட்டார். வேறு வீட்டுக்குப் போனவர், ஆனாலும் இந்த ஊர்ப் பெண். எந்த முறையிலும் குற்றமில்லை. இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. சற்று நேரத்தில் அதேபோல் கட்டிக் கொடுத்த இன்னொரு பெண் மாவோடு வந்தார். மாமல்லபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் சிலர் வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. தனக்கு மட்டும்தான் இது தோன்றியது என்று நினைத்து வந்த ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து வாயைப் பிளந்தார். பொழுது சாய்வதற்குள் வெறும் தண்ணீராக நின்ற பாத்திரம் ஒன்றுகூட இல்லை. நான் எதையும் கேள்வி கேட்கிறவள், ஆனால் அன்று பார்த்ததற்கு என்னிடம் கேள்வி இல்லை.

ஞாயிறன்று சுற்று வட்டாரமே வந்து குடித்தது. தீட்டு வீட்டார் தெருவில் நின்று சொம்பை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

அப்பா மறைந்த பிறகும் அம்மா அந்தக் குப்பத்தை விட்டு வரவில்லை. கடைசி நாட்களில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா கீதாம்மா?" என்று கேட்டேன். "கீதுடி. ஆனா தெரிஞ்சவதான கூப்பிடறா?" என்றார்.

அம்மாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், படாளத்திலிருந்து ஓடி வந்த மாமா குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அம்மாவைத் தூக்க இந்த ஊரில் நமக்குப் பங்காளி யார் இருக்கிறார்கள் என்று தம்பி கலங்கி நின்றான். தோள் கொடுக்கக் குப்பமே முன்னால் வந்தது. காரியம் முடியும்வரை அங்கே ஒருவரும் எல்லையம்மன் கோயில் படி ஏறவில்லை. நீங்கள் ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு, "எங்களுக்கும் தீட்டுதாம்மா" என்றார்கள். அம்மாவுக்காகத் தீட்டுக் காத்த அத்தனை வீடுகளையும் நானும் தம்பியும் கைகூப்பி வணங்குகிறோம்.