நாரணாபுரத்துச் செப்புத் தகடு

காலை ஆறு மணிக்கு மதுரையில் சிவகாசி பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். சிவகாசிப் பக்கம் வேற்று உலகத்திலிருந்து வந்து இறங்கியிருப்பவரை ஊரே பார்த்து ஓய்ந்துவிட்டது. அவர் வந்து ஒரு வருஷம் கழித்துக் கிளம்பிய சோம்பேறி நான்தான். சித்திரையில் என் மனைவி இறந்துபோனாள். அவள் எங்கேயாவது இருக்கிறாளா என்று கேட்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் கடந்து வந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சிவகாசியிலிருந்து மினி பஸ்ஸில் நாரணாபுரம். அவர் வந்து இறங்கியது ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் கிடந்த தரிசில், அங்கேயே தங்கிவிட்டார். கேட்டில் செல்வக்கனி நின்றாள். மருந்து அடைக்கிற வேலை. பார்க்க வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போவதும் அவள்தான்.

“செருப்பு, செல்போனு எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க அண்ணாச்சி. அந்தத் தகட்டத் தொட்டுட்டு வாங்க.”

ஷெட் வாசலில் செப்புத் தகடு ஒன்று, மண்ணில் புதைத்த கம்பியோடு இருந்தது. உடம்பிலுள்ள மின்சாரம் அதன் வழியாக இறங்கிவிடும். ஒரு பொறி கிளம்பினால் ஷெட்டே போய்விடும்.

அவர் ஷெட்டை ஒட்டிய நிழலில் உட்கார்ந்திருந்தார். பத்து வயதுப் பிள்ளையின் உயரம், சாம்பல் நிறம், நீள நீளமான விரல்கள்.

“வாங்க, சாப்பிட்டீகளா?” என்றார். தமிழை இந்த ஊரில்தானே படித்தார்! சிரித்துவிட்டேன். பிறகு வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

“உங்க ஊர்ல சாமி இருக்கா? செத்தவங்க அதுகிட்டத்தான் இருக்காங்களா?”

“தெரியலையே அண்ணாச்சி. அதக் கேக்கத்தான் நானும் இம்புட்டுத் தூரம் வந்தேன்” என்று தகட்டைக் காட்டினார். “எல்லாரும் தொட்டுட்டுத்தான உள்ள போறீக, உங்க சாமி அதுதான?”

எனக்கு ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. செல்வக்கனி முந்திக்கொண்டாள்.

“அது சாமி இல்லைய்யா. தீப்பிடிக்காம இருக்கத் தொடுறது.”

“தொட்டவுக எல்லாரும் வீடு திரும்புனாகளா?”

“இல்ல. எங்க வீட்டுக்காரரும் தொட்டுட்டுத்தான் போனாரு.”

“பொறவு ஏன் தொடுறீக?”

“சாயங்காலம் எம் புள்ளைக வாசல்ல நிக்குமே” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். போகும்போதும் தகட்டைத் தொட்டாள்.

அவள் போன பக்கமே பார்த்தபடி அவர், தானும் சீக்கிரம் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். எனக்கு ஏமாற்றம்தான், மறைப்பானேன்? எழுந்தேன்.

“இருங்க அண்ணாச்சி. போற வழியில இன்னும் நெறைய ஊரு இருக்கு. அங்கனயும் விசாரிக்கிறேன். செல்வக்கனி வீட்டுக்காரரு பேரயும் கேட்டுக்கிடணும். உங்க வீட்டம்மா பேரு என்ன?”

“சரோஜா” என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி நாலு மாதமாகியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மதுரை வீட்டில் அவளைக் கூப்பிட்டால் ஏனென்று கேட்க யாரும் இல்லை. இனி எங்கோ தொலைவில் ஒருவர், ஊர் ஊராக இறங்கி, சரோஜா இங்கே இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு போவார்.